இறங்க ஆளில்லாத பஸ்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினான். 2024-இல் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) முடித்தவன். அரியர் இல்லை, 78 சதவீதம். வேலைக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு இடத்தையும் அதில் எழுதி வைத்திருந்தான்: கம்பெனி பெயர், தேதி, பதில். மொத்தம் 312 வரிசை. பதில் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை', பத்துப் பதினைந்து இடத்தில் 'டெஸ்ட்', நான்கு இடத்தில் 'இன்டர்வியூ'. கடைசியாக ஒரு கட்டம், தலைப்பு 'காரணம்'. அது மேலிருந்து கீழ்வரை காலி. "யாருமே காரணம் சொல்றதில்ல மாமா, அதனால எனக்குத்தான் ஏதோ குறைன்னு தோணுது" என்றான்.

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்காக மட்டும் இல்லை. 2023, 2024, 2025 என்று இந்த மூன்று வருஷங்களில் படிப்பை முடித்து, வேளச்சேரியிலும் தரமணியிலும் ஒரே ரூமில் ஐந்தாறு பேராகத் தங்கிக்கொண்டு, அயர்ன் பண்ணிய ஒரே சட்டையை வாக்-இன்னுக்கு என்று தனியாக மாட்டி வைத்திருக்கிற எல்லோருக்காகவும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். 2021-22 நிதியாண்டில் பெரிய ஐடி கம்பெனிகளில் டிசிஎஸ் மட்டும் 1 லட்சம் பிரஷர்களை, அதாவது படிப்பை முடித்து முதல் வேலைக்கு வருகிறவர்களை, எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை. கொரோனா சமயத்தில் உலகம் முழுக்கக் கடை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாமே ஆன்லைனுக்கு ஓடிய காலம் அது. அமெரிக்காவில் வட்டி விகிதம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் கடன் வாங்கிப் புது புராஜெக்ட் தொடங்குவதும் சுலபமாக இருந்தது. நம் கல்லூரிகளில் அப்போது ஒரே மாணவன் கையில் மூன்று ஆஃபர் லெட்டர் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். அப்புறம் 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி விலைவாசியைக் கட்டுப்படுத்த வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 2023 ஜூலையில் அது 5.25-5.5 சதவீதத்தில் வந்து நின்றது. நம் ஐடி துறையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வருவதுதான். அங்கே ஒரு வங்கி 'இந்த புராஜெக்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளி வைத்தால், அதற்காக சோழிங்கநல்லூரில் எடுக்கப்பட வேண்டிய நாற்பது பேர் எடுக்கப்படுவதில்லை. அந்த நாற்பது பேருக்கும் இந்த விஷயம் தெரியவே தெரியாது, அவர்கள் ஊரில் உட்கார்ந்து தங்கள் ரெஸ்யூமைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

2023-24 நிதியாண்டு முடிந்தபோது டிசிஎஸ்ஸில் 13,249 பேர் குறைந்திருந்தார்கள். 2004-இல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகு ஆண்டுக் கணக்கில் அங்கே ஆள் எண்ணிக்கை குறைந்தது அதுதான் முதல் முறை. இன்ஃபோசிஸ்ஸில் 25,994 பேர், விப்ரோவில் 24,000-க்கும் மேல். மூன்றையும் கூட்டினால் 63,000-ஐத் தாண்டுகிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் மேலும் 12,000 பேரை, அதாவது மொத்தத்தில் 2 சதவீதத்தை, குறைக்கப் போவதாக அறிவித்தது.

இதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பிரஷர்களிடம் பேசுவதில்லை. இன்ஃபோசிஸ்ஸில் 2022 ஜூன் வரையிலான ஒரு வருஷத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 28.4 சதவீதம். 2024 மார்ச் வரையிலான ஒரு வருஷத்தில் அதே விகிதம் 12.6 சதவீதம். மற்ற பெரிய கம்பெனிகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வெளியே வேலை கிடைக்காது என்ற பயத்தில் உள்ளே இருப்பவர்கள் யாரும் நகரவில்லை. காலை எட்டரை மணிக்கு டவுன் பஸ் வருகிறது, நிறைய பேர் நிற்கிறார்கள், படியிலும் ஆள். அதில் யாராவது இறங்கினால்தான் நீங்கள் ஏற முடியும். இறங்க ஆளே இல்லையென்றால் டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்தாமலே போய்விடுவார். கை காட்டியவர் சரியாகக் காட்டினாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. 'கம்பெனி ஆள் எடுக்கவில்லை' என்பதன் பாதி அர்த்தம் 'கம்பெனியிலிருந்து யாரும் போகவில்லை' என்பதுதான்.

ஏஐ பற்றிக் கேட்பீர்கள். அது உண்மையான காரணம்தான், டெஸ்ட் கேஸ் எழுதுவது, சின்னச் சின்ன கோடு மாற்றங்கள், முதல் கட்ட சப்போர்ட் டிக்கெட் என்று பிரஷர்களுக்குப் பழகக் கொடுத்த வேலைகளைத்தான் அது முதலில் தொடுகிறது. ஆனால் ஆள் எடுப்பது சுருங்கத் தொடங்கியது, இந்தக் கருவிகள் அலுவலகங்களுக்குள் சரியாக நுழைவதற்கு முன்பே. அதனால் 'ஏஐ வந்துவிட்டது, இனி நமக்கு வேலையே இல்லை' என்று முடிவு கட்டிவிட்டு உட்கார்வது அவசரம் என்பது என் கருத்து. வட்டி இறங்கும்போது புராஜெக்ட் திரும்பி வரும், புராஜெக்ட் வந்தால் உள்ளே இருப்பவர்கள் நகர்வார்கள், அவர்கள் நகர்ந்தால் வாசலில் இடம் வரும். வேலையின் வடிவம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இந்தியாவைப் பற்றி 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், 2022 நிலவரப்படி இளைஞர்களில் பட்டதாரிகளுக்கு வேலையின்மை 29.1 சதவீதம் என்றும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 3.4 சதவீதம் என்றும் இருந்தது. படித்தவனுக்கு மதிப்பில்லை என்று இதைப் படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலையில்லாமல் ஒரு வாரம் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். பட்டதாரிக்கு அப்பா இன்னும் ஒரு வருஷம் சோறு போடுவார். அந்த ஒரு வருஷம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது, அதை வீணடிக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் மீதிப் பேச்சு.

கெட்ட வருஷத்தில் படிப்பை முடித்தவர்களுக்குப் பின்னால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவில் 1976 முதல் 1995 வரை கல்லூரி முடித்தவர்களின் சம்பளத்தை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு உண்டு. பொருளாதாரம் படுத்திருந்த வருஷத்தில் வெளியே வந்தவர்களின் ஆரம்பச் சம்பளம் சராசரியாக 9 சதவீதம் குறைவு. ஐந்து வருஷத்தில் அந்த இடைவெளி பாதியாகிறது, பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. எப்படி மீண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முதலில் கிடைத்த சின்ன கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து கொஞ்சம் நல்ல கம்பெனிக்கு, அங்கிருந்து இன்னும் நல்லதுக்கு என்று படிப்படியாக மாறியவர்கள்தான் மீண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1980-களின் தொடக்க நெருக்கடியில் படிப்பை முடித்தவர்களைப் பற்றிய ஆய்வு இவ்வளவு நம்பிக்கையாக இல்லை, அங்கே பாதிப்பின் சுவடு 15 வருஷம் வரை தெரிந்தது. ஆனாலும் ஆரம்பத்தில் இருந்த அளவு இல்லை.

மோசமான உதாரணம் ஜப்பான். 1990-களின் தொடக்கத்தில் அங்கே பொருளாதாரம் சரிந்தபோது கல்லூரி முடித்த தலைமுறைக்கு 'வேலை உறைபனிக் காலத் தலைமுறை' என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் பெரும்பாலும் அந்த வருஷம் படிப்பு முடித்தவர்களைத்தான் எடுக்கும். ஒரு ஏப்ரலைத் தவறவிட்டால் அடுத்த ஏப்ரலில் உங்கள் இடத்தில் உங்கள் ஜூனியர் நிற்பார். அப்படித் தவறியவர்களில் பலர் தற்காலிக வேலைகளிலேயே வயதாகிப் போனார்கள். 2019-இல், அவர்கள் நாற்பதைத் தொட்ட பிறகு, மூன்று வருஷத்தில் அவர்களில் 3 லட்சம் பேரை நிரந்தர வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஜப்பான் அரசே திட்டம் போட வேண்டி வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் நம்மிடமும் அந்த ஏப்ரல் இருக்கிறது. '2025 பாஸ்-அவுட் மட்டும், பத்தாவது முதல் 60 சதவீதம், அரியர் கூடாது' என்று வருகிற அந்த ஒற்றை வரி. பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் பிரஷர் வாசல் பெரும்பாலும் இந்த வரியோடுதான் திறக்கும். 2023 பேட்ச் ஒருவர் அதே வாசலில் இன்னும் மூன்று வருஷம் நின்றாலும் அது அவருக்குத் திறக்காது, காரணம் திறமை இல்லை, வருஷம். ஆகவே உங்கள் பேட்ச் வெளியே வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால், அந்த வாசலுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பேட்ச் கேட்காத வாசல்கள் இருக்கின்றன: சிறிய, நடுத்தர கம்பெனிகள், ஒரகடம்-ஸ்ரீபெரும்புதூர்-ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் குவாலிட்டி, ஸ்டோர்ஸ், பிளானிங் பிரிவுகள், ஆஸ்பத்திரிகளின் ஐடி பிரிவு, லாஜிஸ்டிக்ஸ், பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் நிறுவனங்கள். சம்பளம் குறைவு, பெயர் சொன்னால் கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் கனடாக்காரர்கள் ஏறிய முதல் படி இதுதான்.

நான் 2009 பேட்ச். 2008 செப்டம்பர் 15 அன்று லீமன் பிரதர்ஸ் திவாலானபோது எனக்கு ஏழாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது, கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது, அமெரிக்காவில் ஒரு வங்கி விழுந்ததற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. படிப்பு முடிந்தது. 'சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்று ஒரு மெயில் வந்தது. அப்பா தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே "மெயில் பாத்தியாப்பா" என்று கேட்பார், நான் பிரவுசிங் சென்டருக்குப் போய் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வருவேன். பதினோரு மாதம் இப்படிப் போனது. அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் கன்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு சிறிய கம்பெனியில், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக, ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். மாதம் 6,500 ரூபாய். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஸ்டோர்ஸ் நோட்டு எழுதுகிறேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே என் வேலை, லாரியில் சரக்கு வந்து இறங்கியதும் பில்லோடு எண்ணிச் சரிபார்த்து நோட்டில் ஏற்றுவது. கான்டாக்டர் (பேனலில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற சுவிட்ச்) இருபது என்று பில்லில் இருக்கும், பெட்டியில் பதினெட்டு இருக்கும். அந்த இரண்டை யார் கணக்கில் எழுதுவது என்பதில் தினமும் சண்டை. பத்து மாதம் அந்தச் சண்டையில் இருந்தேன். அப்புறம் தொழிற்சாலைகளுக்குச் சாஃப்ட்வேர் செய்கிற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனபோது எதிரே இருந்தவர் ஜாவாவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், சுமாராகத்தான் சொன்னேன். பிறகு என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, "சரக்கு இறங்கியதும் முதலில் என்ன எழுதுவீங்க, எண்ணிக்கை குறைஞ்சா என்ன பண்ணுவீங்க" என்று கேட்டார். இருபது நிமிஷம் பேசியிருப்பேன். அந்த வேலை கிடைத்தது. இன்றைக்கும் என் பிழைப்பு அந்தப் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. ஆஃபர் லெட்டர் கொடுத்த கம்பெனியிடமிருந்து சேரும் தேதி வந்தபோது நான் போகவில்லை.

இது எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. என்னோடு ரூமில் இருந்தவர்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பி உரக்கடை வைத்தான், ஒருவன் மூன்று வருஷம் கால் சென்டரில் இருந்துவிட்டு வங்கித் தேர்வு எழுதிப் போனான். முதல் வேலைதான் தலையெழுத்து என்று நினைத்து யாருமே உள்ளே நுழையாமல் நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது, அதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறேன். போன வருஷம் ஒரே ஒரு இடத்துக்கு விளம்பரம் கொடுத்தோம், நான்கு நாளில் ரெஸ்யூம் ஆயிரத்தை நெருங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எல்லாவற்றையும் யாரும் படிக்கவில்லை. எங்கள் ஆட்களின் மூலமாக வந்த பதினேழைப் படித்தோம், மீதியில் மேலாக இருந்த ஒரு நூறைப் புரட்டினோம். ஆகவே உங்கள் 312 வரிசையில் 'இல்லை' என்று எழுதியிருக்கிற இடங்களில் பெரும்பாலானவற்றில் உங்களை யாரும் நிராகரிக்கவில்லை, பார்க்கவே இல்லை. இது கோபம் வரவேண்டிய விஷயம்தான். ஆனால் 'எனக்குத்தான் குறை' என்பதும் இதுவும் ஒன்றல்ல.

படிக்கப்பட்ட அந்த நூறிலும் பெரும்பாலானவை ஒரே அச்சு. சவாலான பணியில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன் என்று தொடங்கும், கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று கையெழுத்து. நடுவில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் புராஜெக்ட், அதே ஃபேஸ் டிடெக்‌ஷன். ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: அப்பா வேலை செய்யும் ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்கை எக்செல்லுக்கு மாற்றினேன், முன்பு மாலையில் இரண்டு மணி நேரம் ஆகும், இப்போது இருபது நிமிஷம். முதலில் அவனைத்தான் கூப்பிட்டோம். நீங்கள் நிஜமாகச் செய்த ஒன்றை எழுதுங்கள், அது சிறியதாக இருந்தாலும் சரி. உங்கள் ஊரில் ஏதோ ஒரு கடைக்கு, ஏதோ ஒரு சங்கத்துக்கு, ஏதோ ஒரு பள்ளிக்கு ஒரு தொல்லை இருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து அதைத் தீர்த்துக் கொடுங்கள், ரெஸ்யூமில் அது முதல் வரி.

தெரிந்தவர் மூலமாகப் போவது என்றால் சிபாரிசு என்று பலர் கூசுகிறார்கள். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒன்றைச் சொன்னார்: வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதைவிட, அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. யோசித்தால் புரியும், உங்கள் ரூம்மேட்டுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறீர்கள். எப்போதோ பஸ்ஸில் பழகிய சீனியருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. லிங்க்ட்இன்னில் 2 கோடி பேரை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட பரிசோதனையிலும் ஏறக்குறைய இதுதான் தெரிந்தது, மிக நெருங்கியவர்களைவிட மிதமான பழக்கம் உள்ளவர்களால்தான் அதிகம் பேர் வேலை மாறினார்கள்.

ஆனால் எப்படிக் கேட்பது என்று இருக்கிறது. எனக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை 'சார், ஏதாவது வேகன்சி இருந்தா சொல்லுங்க' என்று ஒரு வரியும் ஒரு பிடிஎஃப்பும். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அக்கா மகனோடு உட்கார்ந்து இப்படி எழுதினோம்: "அண்ணா வணக்கம், நான் நம்ம காலேஜ் 2024 இசிஇ. உங்க கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்கு ஆள் எடுக்கிறதா பார்த்தேன். அந்த வேலையில் முதல் ஆறு மாசம் என்ன செய்ய வேண்டியிருக்கும்னு தெரிஞ்சுக்கணும். பத்து நிமிஷம் போனில் பேச முடியுமா? ஞாயிறு எந்த நேரமும் சரி." இருபது பேருக்கு அனுப்பினான், ஏழு பேர் பதில் எழுதினார்கள், நான்கு பேர் பேசினார்கள். 312 இடத்தில் கிடைக்காத 'காரணம்' அந்த நான்கு போன்களில் கிடைத்தது. ஒருவர், உன் ரெஸ்யூமில் ஆஸிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) தொட்டதாக எங்கேயும் இல்லையே தம்பி, காலேஜில் தொட்டிருக்கிறாயா என்று கேட்டார். தொட்டிருக்கிறான். எழுதவில்லை.

நாளை எப்படிக் கழிப்பது என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆளை உள்ளுக்குள் அரிப்பது அதுதான். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரில் ஊருக்கே சோறு போட்ட ஒரு ஜவுளி ஆலை மூடப்பட்டது. அங்கே போய் ஆராய்ந்தவர்கள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்று தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அங்கங்கே நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், அவர்களுக்கு வீட்டில் வேலை இருந்தது. நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. வேலை போனால் நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறோம், நேரத்தைப் பிடித்து வைத்திருந்த கயிறே வேலைதான் என்பது அது அறுந்த பிறகுதான் தெரிகிறது. அதனால் காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். ஊர் நூலகமோ, சென்னையில் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமோ. மதியம் வரை விண்ணப்பமும் படிப்பும், மாலையில் யாரோடாவது பேச்சு, விளையாட்டு. டியூஷன் எடுப்பதோ டெலிவரிக்குப் போவதோ குறைச்சல் இல்லை, கையில் சொந்தக் காசு கொஞ்சம் இருந்தால் இன்டர்வியூவில் குரல் தெளிவாக வருகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அரசு வழிகளில் பயனுள்ளவை சில உண்டு. அப்ரென்டிஸ் பயிற்சி, அதாவது உதவித்தொகையோடு கம்பெனியிலேயே வேலை பழகுவது, அதில் முதன்மை. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் தரமணியிலேயே இருக்கிறது. ஒரு வருஷ அனுபவச் சான்றிதழ் கிடைக்கிறது என்பதோடு, 'பிரஷர்' என்ற அந்த வார்த்தை உங்கள் பெயரிலிருந்து கழன்றுவிடுகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது, அங்கேயே தனியார் துறை முகாம்களும் நடக்கின்றன. வேலையில்லாதோர் உதவித்தொகை என்று பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உண்டு, ஆனால் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அது கிடையாது. டிஎன்பிஎஸ்சி பற்றி ஒன்று மட்டும்: 2025 குரூப் 4 அறிவிப்பில் இடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13.89 லட்சம். எழுதுங்கள், ஆனால் வேறு எதையும் செய்யாமல் அதை மட்டும் எழுதாதீர்கள்.

பயந்த நேரத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள். 'பேக்டோர்' என்று சொல்லி ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்கிற ஆட்களை உங்களில் பாதிப்பேருக்காவது தெரிந்திருக்கும். பணம் வாங்கிக்கொண்டு ஆபீஸ் மாதிரி ஒரு இடத்தில் உட்கார வைப்பார்கள், ஐடி கார்டு தருவார்கள், மூன்றாவது மாதம் அந்தக் கதவு பூட்டியிருக்கும். போலி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் அப்படித்தான். இப்போது பின்னணி சரிபார்ப்பில் உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைப் பார்த்தாலே எந்த கம்பெனியில் எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பொய் தெரிந்தால் அந்த வேலை போவதோடு நிற்காது. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனியிலும் சேராதீர்கள், காட்டுவது வேறு, கொடுப்பது வேறு.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பக்கத்து வளாகங்களில் அடைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 பேரை அங்கிருந்து மீட்டு வந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இப்படிச் சிக்கி மீண்டிருக்கிறார்கள், கம்ப்யூட்டர் தெரிந்த பட்டதாரிகள்தான் அந்த மோசடிக் கும்பல்களுக்குத் தேவை. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். விசிட் விசாவில் போய் வேலை விசா அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், வெட்கப்பட்டுத் தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சும்மா இருக்கிறான் என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் அவன் சும்மா இல்லை. "இன்னைக்கு எதாவது வந்துச்சா" என்று தினமும் கேட்காதீர்கள், கேட்கிற உங்களுக்கு அது அக்கறை, கேட்கப்படுகிறவனுக்குத் தினமும் ஒருமுறை தோற்பது. என் அப்பா ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டு, "வா, வயக்காட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் வேலையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. அடுத்த வாரம்தான் நான் அம்பத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா மகன் மார்ச்சில் ஒரகடத்தில் வண்டிகளுக்கு எலெக்ட்ரானிக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தான், டெஸ்டிங் பிரிவு. ஆஸிலோஸ்கோப் பற்றிக் கேட்டவர் சொல்லி அனுப்பிய இடம். காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, கம்பெனி பஸ் ஐந்தரைக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் விண்ணப்பிக்கிறான். போன வாரம் அதே ஷீட்டை அனுப்பினான், 340-ஐத் தாண்டியிருக்கிறது. 'காரணம்' என்ற கட்டத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் 'யாரிடம் பேசினேன்' என்று எழுதியிருக்கிறான், அதில் பதினொரு பெயர் இருந்தது.